மைக்கிலை சொல்லாத தமிழ்

என்ர அம்மாவுக்கு,

மாதா உங்களைக் காக்கட்டும். முழங்கால் நோ இப்ப எப்பிடி? நான் சுகமா இருக்கிறன், யோசியாதேங்கோ.

முதியோர் இல்லக் குசினியிலை நான் தமிழ் கதைச்சா, பொறுப்பாளர் ஹைக்கே "இங்க ஜேர்மன் மட்டும்தான்" எண்டு எல்லாருக்கும் முன்னாலை கத்துறவ எண்டு சொன்னனானெல்லோ? போன கிழமை இல்லத்து விழாவிலை அதே மனுசி மைக்கை நீட்டி, அவரவர் மொழியிலை வாழ்த்துச் சொல்லக் கேட்டா.

என்னோட பாத்திரம் கழுவுற டொலோரெஸ் அமெரிக்காவிலை இருந்து வந்த திவா ஆதிக்குடிப் பொம்பிளை. திவா மொழிகள் சிலது இருக்காம். அதிலை தன்ர ஊர் மொழியை வெளியாக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேல்லையாம். "ஒரு சொல்லாவது" எண்டு ஹைக்கே கெஞ்சியும் அவ சிரிச்சுக்கொண்டு மாட்டன் எண்டிட்டா.

பிறகு மைக் என்னட்டை வந்துது. சபை முழுக்கக் கேக்க நான் ஜேர்மனிலையே சொன்னன்: "இங்க ஜேர்மன் மட்டும்தான்." ஹைக்கேயின்ர வெள்ளை முகம் கறுத்துப்போச்சு. டொலோரெஸ் மறுத்தது தன்ர மொழிக்கு மரியாதை எண்டு. நான் மறுத்தது பழிக்குத்தான். நெஞ்சு குளிர்ந்திட்டுது, அம்மா.

மிளகாய்த்தூள் முடிஞ்சுது, அனுப்புங்கோ. ஞாயிறு கோல் எடுத்தா கெதியா வைச்சிடாதேங்கோ. அண்டைக்கு விழுங்கின தமிழ் இன்னும் தொண்டைக்குள்ளை நிக்குது.

பஸ் வருது, ஓடுறன்.

உங்கட
கொறற்றி