இரண்டு கௌசல்யாக்கள்

நவம்பர் 14, வியாழன்.

வருகைப்பதிவு குறைவு என்று சொல்லி, கபடி அணியில் ஆடும் கௌசல்யாவை இன்று காலை பருவத் தேர்வெழுத வகுப்பாசிரியரான நான் அனுமதிக்கவில்லை. தறி வேலையை விட்டுவிட்டு எடப்பாடியிலிருந்து அவள் தந்தை பாலுவும் வந்திருந்தார்.

"மேட்சுக்குப் போன நாளுக்கெல்லாம் ஓ.டி. லெட்டர் குடுத்தனுங்க சார்," என்றாள்.

"கொடுத்திருந்தால் பதிவாகியிருக்கும்," என்றேன்.

பாலு அவள் பக்கம் திரும்பினார். "பொய் வேற பேசறியா? ஆடுனது போதும். இனிமே கபடி கிடையாது." அவள் அங்கேயே நின்று அழுதாள்.

பிற்பகலில் கோப்பைப் புரட்டியபோது, ஆட்ட நாள்களையும் வருகையாகக் கணக்கிடச் சொல்லும் அந்த ஓ.டி. கடிதம் இருந்தது. உடற்கல்வி இயக்குநர் அதில் 'ப. கௌசல்யா' என்று தமிழில் எழுதியிருந்தார். வகுப்பில் பழனியின் மகளும் கௌசல்யாதான். ஆங்கிலப் பதிவேட்டில் பாலுவின் மகளுக்கு B, பழனியின் மகளுக்கு P; தமிழில் 'பா' என்று எழுதாமல் விட்டால் இருவருக்கும் 'ப'. ஆட்ட நாள்களை நான் பழனியின் மகளுக்குப் பதிந்திருக்கிறேன். அந்த நாள்களில் அவள் என் கண்ணெதிரே வகுப்பில்தான் அமர்ந்திருந்தாள்.

கல்லூரி முதல்வரிடம் தவற்றை எழுதிக் கொடுத்தேன். இன்றைய தாளை இனி அடுத்த பருவத்தில்தான் எழுத முடியும் என்றார்.

மாலையில் பாலுவைத் தொலைபேசியில் அழைத்தேன். தவறு என்னுடையது, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, அவளை ஆட விடுங்கள் என்றேன்.

தறிச் சத்தத்துக்கு நடுவே அவர் சிரித்தார். "ஏனுங்க சார், நீங்க போயித் தப்புப் பண்ணுவீங்களா? புள்ள அழுதுச்சேன்னு எரக்கப்பட்டுச் சொல்றீங்க. கபடி வேண்டாமுங்க."

மூன்று முறை சொன்னேன். அவர் நம்பவில்லை.