தொட்டிலுக்கு நேரே மண் ஆந்தை

செவ்வாய், இரவு

பாப்பாவுக்குக் காய்ச்சல் இன்றும் இறங்கவில்லை. நாளைக் காலை ரத்தம் பார்க்கத் தக்கலைக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமிக்கு அந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அலமாரியில் இருக்கும் மண் ஆந்தைதான் காரணம் என்று முடிவே செய்துவிட்டார்.

பாப்பாவின் அப்பா அமெரிக்காவில் ஜூனி என்ற பழங்குடி மக்களின் ஊருக்குப் போனபோது, அதைச் செய்த பெண்ணிடமே வாங்கி, போன வாரம் நண்பரிடம் கொடுத்தனுப்பியது. வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடுகளாக இறகுகள். முதுகில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"ராத்திரி முழிச்சிருந்து வீட்டக் காக்குமாம் மாமி. அதுக்குத்தான் அவிய வீட்டுல வைக்காவ."

"அவியளுக்குக் காக்கட்டும். இஞ்ச ஆந்தை அலறுனா சாவு விழும். பச்சப் பிள்ளைக்க தொட்டிலுக்கு நேரா வச்சிருக்கியே, ஏட்டி, காலேஜ்ல இதத்தான் படிச்சியா?"

"மண்ணு எப்படி மாமி அலறும்?"

"அலறட்டும்னு காத்திருக்கியா?"

போனில் பாப்பாவின் அப்பாவிடம் சொன்னேன். "அம்மைக்க கூட சேந்து நீயும் தொடங்கிட்டியா?" என்று சிரித்தார். அங்கே இருந்துகொண்டு சிரிக்கலாம். பிள்ளை என் மடியில் அல்லவா கொதிக்கிறாள்.

மாமி உறங்கிய பிறகு நானே ஆந்தையைத் துண்டில் சுற்றி வெளியே விறகுப் புரையில் வைத்தேன். மாமி சொன்னதை நம்பி அல்ல. குஞ்சுகள் உடையக் கூடாதென்று அடியில் சாக்குகூட விரித்தேன்.

உள்ளே வந்ததும் முதலில் பாப்பாவின் நெற்றியைத் தொட்டேன். எதை எதிர்பார்த்தேனோ. அதே சூடுதான்.