காட்மியத் தகட்டுக்கு அசையாத படிகம்

தென்காசி,
ஜூலை 14.

அன்புள்ள ப்ரீதாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சாரல் விடாமல் விழுகிறது. ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம். போனில் பேசினால் நீ என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் கட்டுரைக்கான ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நான் வளர்த்து அனுப்பிய லித்தியம் அயோடைடு படிகத்தை மும்பையில் நீ அளந்தாய். நியூட்ரான் பட்டால் அது மின்னும். அந்த மினுக்கை எண்ணுகிறோம். குறுக்கே காட்மியத் தகடு வைத்தால் மெதுவான நியூட்ரான்கள் நின்றுபோகும், எண்ணிக்கை சரிய வேண்டும். நிமிடத்துக்கு 412 இருந்தது. தகடு வைத்ததும் 409. அப்படியானால் நாம் எண்ணியது கிட்டத்தட்ட முழுக்கக் காமாக் கதிரைத்தான். அந்த ஒரு வரியை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு இதழுக்கு அனுப்பியிருக்கிறாய்.

மூலத் தவறு என்னுடையது. லித்தியம் அயோடைடு ஈரத்தில் கசியும். சாரல் காலத்தில் தீப்பெட்டியை அரிசிக்குள் புதைக்கும் வீட்டுப் பழக்கத்தில், ஆய்வகத்திலும் சாதாரண லித்தியம் ஒன்றும் செறிவூட்டியது ஒன்றுமாக இரண்டு புட்டிகளை அரிசி டப்பாவில் வைத்தேன். எங்கள் உதவியாளர் குத்தாலிங்கம், "எம்மா, இது கல்லு வளக்கவா, பொங்கித் திங்கவா?" என்று சிரித்தார். எடுத்தபோது சீட்டுகள் உரிந்திருந்தன. நினைவை நம்பி ஒன்றை உலையில் ஏற்றினேன். மிஞ்சிய புட்டியை நேற்றுதான் நிறுத்துப் பார்த்தேன். நியூட்ரானைப் பிடிக்கும் வகை செறிந்த லித்தியம் ஐம்பது கிராமும் அப்படியே இருக்கிறது. படிகமாக வளர்ந்தது சாதாரண லித்தியம். அதில் அந்த வகை நூற்றுக்கு ஏழோ எட்டோதான்.

துறைத்தலைவர் சங்கரசுப்பிரமணியனிடம் சொன்னேன். "ஏம்மா, மூணு எண்ணப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய, யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். நான் பார்த்துவிட்டேன் என்றேன். அடுத்த ஆண்டு ஆய்வகச் சாவி என்னிடம் இருக்காது என்றார். சாவியை அப்போதே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் உன் பதவி உயர்வு நேர்காணல் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாளை துறைமுகத்தில் இந்தப் படிகம் வைத்த கதிர்வீச்சுக் கருவி ஒலிக்காமல் இருப்பதை நம்பிச் சரக்குப் பெட்டியைத் திறப்பவனுக்கு, அதற்கு நியூட்ரான் தெரியாது என்பது தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையைத் திரும்பப் பெறு. பிழையை என் பெயரிலேயே எழுதி, வேறெங்காவது உலை தேடிச் சரியான படிகம் வளர்த்து மறுபடி அளப்போம். நீ செய்யாவிட்டால், விடுபட்ட அந்த வரியை நானே இதழுக்கு அனுப்புவேன். மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி.

இருபத்தேழு வருஷத்தில் உனக்கு எதிராக நான் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. என்னை எழுத வைத்துவிடாதே, ப்ரீதா.

உன்
அகிலாண்டேஸ்வரி