எலுமிச்சை அரித்த கல்

அப்பா,

சிங்க்குக்குப் பக்கத்தில் எலுமிச்சை மூடியை நீங்கள் கவிழ்த்து வைத்த இடம் இன்னும் வட்டமாக மங்கித்தான் கிடக்கிறது. இன்று உங்களுக்குப் படையல். தம்பியின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குக் காலையிலேயே வந்துவிட்டேன். சமையலறையில் கல்லுக்குப் பாலிஷ் போடும் ஆள் மெஷினோடு நிற்கிறார். சொந்தக்காரர்கள் வருவதற்குள் அந்த வட்டத்தை எடுத்துவிட வேண்டுமாம், தம்பியின் உத்தரவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா போன பிறகு பந்திங் வீட்டைப் பூட்டிவிட்டு இவனோடு வந்தீர்கள். வந்த அன்றே சமையல் மேடையைத் தடவிப் பார்த்தீர்கள். வெளிநாட்டுச் சுண்ணாம்புக்கல், முழுக்கக் கடுகைவிடச் சின்ன உருண்டை மணிகள். ஆழமில்லாத கடலில் அலை உருட்ட உருட்டத் துகள்மேல் சுண்ணாம்பு படிந்து, உருண்டையாகி, எல்லாம் சேர்ந்து இறுகிய கல் என்று தம்பி பெருமையாக விளக்கினான். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தீர்கள். "அட, மீன் சினை மாதிரி இருக்குடா!" என்றீர்கள்.

நான் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ எலுமிச்சை நறுக்கினீர்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் புளிப்பு ஆகாது, அரித்துவிடும். அது அவனுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னானா? தடத்தைப் பார்த்ததும் மட்டும் குதித்தான்.

"எவ்வளவு ஆசையா போட்டேன் தெரியுமாப்பா? இனிமே நீங்க சமைக்க வேணாம்லா. கீழ கடை இருக்கு, சோறு பொங்குஸ் கட்டிட்டு வரேன்."

"கடல்லேர்ந்து வந்த கல்லு, மீன் கறிக்கு ஏன்டா பயப்படுது?" என்று சிரிக்கப் பார்த்தீர்கள். அவன் சிரிக்கவில்லை. "சோரிடா" என்று துண்டை எடுத்துத் துடைத்தீர்கள், துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். சண்டைக்குப் போன என் கையைப் பிடித்து, "விடும்மா, அவன் வீடு" என்றீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அடுப்புப் பக்கம் போகவில்லை. கடைச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவீர்கள். மூன்று வேளையும் மணக்க மணக்கச் சமைத்துப்போட்ட மனுஷன்!

"வேணாம் அண்ணே, நீங்க போங்க" என்று பாலிஷ்காரரிடம் சொன்னேன்.

"அக்கா, என் வீட்டுல நீ என்ன சொல்றது?" என்றான் தம்பி.

"அப்பா இங்க இருந்தாருங்கிறதுக்கு வேற என்னடா வச்சிருக்கே? காட்டு, பார்ப்போம்!"

உங்கள் சட்டைகளையும் கட்டிலையும் கொடுத்துத் தீர்த்துவிட்டான். என்னத்தைக் காட்டுவான்? பாலிஷ்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். படையலுக்கு மீன் கறியை நானே வைத்தேன், அந்த மேடையிலேயே.

உங்கள்மேலும் கோபம்தான், அப்பா. ஒரு கல்லுக்காக மகனிடம் மன்னிப்புக் கேட்டீர்களே. அன்றைக்கு ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா? நீங்கள் போடாத சத்தத்தைத்தான் இன்று நான் போட்டேன். பாதிதான் போட்டிருக்கிறேன். மீதி என்னிடம் இருக்கிறது.