யோகராஜின் முதுகு

அப்புத்தளை,
14.11.1998

என் அன்பிற்குரியவருக்கு,

சரோஜாதேவி எழுதுவது. நானும் மகள் பிரசாந்தினியும் சுகம். கியோட்டோவில் குளிர் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் போடுங்கள். இங்கே பத்து நாளாக மழை. பள்ளிக்கூடக் கூரை சரியாக என் மேசைக்கு மேலேதான் ஒழுகுகிறது.

அங்கே நடக்கும் கண்காட்சிக்கு நீங்கள் வரைந்த அந்த மைச் சித்திரத்தை அனுப்பச் சொன்னீர்கள். லயத்து வீட்டு அடுப்புகளில் புகைக்கரி சுரண்டி, பசை சேர்த்து, ஜப்பான்காரர் முறையில் நீங்கள் மை அரைத்தபோது கேலி செய்தவள் நான். தோட்டத்துச் சனத்தின் துயரம் அந்தக் கரியிலேயே இருக்கிறது என்று, நீங்கள் கொண்டுபோன மையைப் பார்த்து அங்கே உங்கள் சித்திர மாஸ்டர் பாராட்டினாராம். சந்தோஷம்.

கட்டி அனுப்புவதற்காகப் படத்தை வெளியே எடுத்து மாட்டியிருந்தேன். மகனைத் தேடி மனு எழுதுவிக்க ஞாயிறுதோறும் வரும் வெள்ளையம்மா அதைக் கண்டுவிட்டாள். நீங்கள் வெறும் தாளாக விட்ட மூடுபனி, அதற்குள் நடந்து போகிறவனின் முதுகு. "இது எம் மகன் யோகராசுங்க, டீச்சர்" என்றாள். யாரோ ஒரு பொடியன் என்றேன். வலத் தோளில் கட்டம் போட்ட ஒட்டுத் துணியைத் தொடாமல் காட்டினாள். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க அவன் பண்டாரவளைக்குப் புறப்பட்ட காலையில், தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவளே தைத்ததாம். அந்தச் சட்டையோடு போனவன் மூன்று வருடமாகத் திரும்பவில்லை. கண்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வரையச் சொல்லுங்க, மொகத்தப் பாக்கணும்" என்றுதான் கேட்டாள். அவனுடைய போட்டோ ஒன்றுகூட அவளிடம் இல்லை.

அவள் கேட்காததை நான் கேட்கிறேன். அந்த ஒட்டைத் தைத்த அன்று நீங்கள் பதுளைக்குப் போனதாகச் சொன்னீர்கள். வந்ததும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். பஸ்ஸில் வந்த வயிற்றுப் பிரட்டல் என்று நினைத்து இஞ்சி தட்டித் தந்தேன். அவனைப் பிடித்துப் போகும்போது நீங்கள் வாய் திறந்திருந்தால் உங்களையும் கொண்டு போயிருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வருகிறது. பார்க்கப் பொறுக்காமல் நேற்றுப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அப்போது அவன் எங்களை நோக்கி நடந்து வருவதுபோல் இருந்தது. பயந்து மறுபடி திருப்பிவிட்டேன்.

படத்தை அனுப்ப மாட்டேன். யார் கொண்டு போனார்கள், எந்தப் பக்கம் கொண்டு போனார்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

கதிர்காமக் கந்தன் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் முகத்தை நேரே பார்க்கக்கூடிய மனிதராக வாருங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
சரோஜா