காபி மெஷினைத் திருப்பி அனுப்புவது தொடர்பாக

ஜனவரி 4

டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் விவாகரத்து ஆகிவிட்டதென்று போன மாதம் தீர்ப்பு வந்த பிறகு, 'சம்பந்தி' என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால், அச்சகத்தில் எந்திரங்களுக்கு நடுவே நின்று நின்றே என் காது போய்விட்டது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சிரிப்பார்கள்.

விஷயம் காபி மெஷின் பற்றியது. பிள்ளைகளுக்கு நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த எஸ்பிரெசோ மெஷின், கேப்ஸ்யூல் போட்டுப் பொத்தானை அமுக்கினால் காபி கொட்டுமே, அது இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. அவள் தன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது இதை மட்டும் விட்டுவிட்டாள். உறவு முடிந்த பிறகு உங்கள் வீட்டுப் பொருளை வைத்துக்கொண்டு நான் ஜாலியாகக் காபி குடிப்பது முறையில்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். அது வந்த அட்டைப்பெட்டிகூடப் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஒரு சங்கடம். போன வாரத்திலிருந்து விளக்கு மட்டும் மினுக்குகிறது, சொட்டுக் காபி வரவில்லை. ஓடாத மெஷினை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அனுப்புவது? எப்படிச் சரிசெய்வது என்று எழுதினீர்களானால், சரிசெய்து, துடைத்து, உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
(என்ன போடுவதென்று தெரியவில்லை)


ஜனவரி 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நான் சம்பந்தி என்றுதான் எழுதுவேன். நீதிமன்றம் பிரித்தது பிள்ளைகளை. நம் இருவரையும் பிரிக்கச் சொல்லி யாரும் மனுப் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை. என்னை 'டாக்டர்' என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அடுத்த நிமிடம் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார்கள். நீங்களும் அந்த வரிசையில் வந்து உட்கார வேண்டாம்.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கிளினிக்கிலும் அதே ரகம் ஒன்று இருக்கிறது, அதன் குணம் எனக்கு அத்துப்படி. தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் இல்லையென்றால் அது நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல் கத்தும். உங்களுக்குக் கேட்டிருக்காது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு சிரிஞ்ச் வைத்திருக்கிறேன். ஊசி கிடையாது, பயப்படாதீர்கள். தொட்டியைக் கழற்றுங்கள். அது உட்காரும் இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று தெரியும். சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதற்குள் மெல்லச் செலுத்துங்கள். பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி மாட்டி, கேப்ஸ்யூல் போடாமல் பெரிய கப் பொத்தானை அமுக்குங்கள். முதல் தடவை வராது. மனம் தளராமல் அமுக்குங்கள்.

திருப்பி அனுப்பும் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். அன்று இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசியபோது ஆளுக்கொரு குறையை என் மகள் தலையில் கட்டினார்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "தப்பு என் பையன் மேல. இந்தப் பொண்ணு மேல ஒரு சொல் சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை மெஷின் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. நான் சாகும்வரை உங்களுக்கு நன்றியுள்ளவன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதிலைக் கிளினிக் முகவரிக்கு எழுதுங்கள். வீட்டில் நானும் அவளும்தான். உங்கள் வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

உங்கள் சம்பந்தி


ஜனவரி 25

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வயிற்றில் பால் வார்த்தீர்கள். மெஷினுக்கும் உயிர் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வீங்கியதுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில் கைக்கடியில் ஒரு செருமல், அப்புறம் பொலபொலவென்று தண்ணீர். நான் ஒற்றை ஆளாகக் கைதட்டினேன்.

எந்திரத்தோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன் தொட்டியில் தண்ணீர் பார்க்காமல் ஓட்டினேன் என்பது வெட்கம்தான். ஆனால் பழக்கம் அப்படி ஆகிவிட்டது. உங்கள் மகள் இருந்தவரை தண்ணீர் அவள் பொறுப்பு. மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அன்றே என் உள்ளங்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். "மாமா, காதுக்குப் பதிலா கைய வச்சுக்கங்க. சீரா அதிர்ந்தா காபி வருது. உதறுச்சுன்னா தண்ணி இல்ல" என்றாள். என் காதைப் பற்றி யாரும் சிரிக்காமலோ கத்தாமலோ பேசியது அதுதான் முதல் தடவை. அன்று ஒரு நாள் கையை வைக்க மறந்ததுதான் தப்பு, இப்போது மறுபடி கையை வைத்துக்கொண்டுதான் காபி போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டக் கூடாது. விளக்கு மினுக்கியதும் உள்ளே உப்பு படிந்திருக்கும் என்று நினைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து தொட்டியில் ஊற்றி ஓட்டினேன். விதையை எடுத்துவிட்டேன்.

மகன் அந்தப் பேச்சு நடந்த அன்றைக்குப் போனவன்தான், இந்தப் பக்கமே வரவில்லை. போனில் எழுதினாலும் பதில் இல்லை. சபையில் அவனை விட்டுக்கொடுத்துவிட்டேனாம். சொன்னதை நான் இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்ற பிள்ளை இல்லையா, வாசலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, மாதாமாதம் நீங்கள் அனுப்பும் கேப்ஸ்யூல் பெட்டி. பெயர் போடாமல் அனுப்பினால் எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களாக்கும்! இந்தக் கிழவனை நினைத்துச் செய்கிறீர்களே, பெரிய மனசு. ஆனால் போதும், நிறுத்திவிடுங்கள். மெஷினே திரும்பி வரப்போகிறது.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

விதையை எடுத்தீர்கள், சதையை? எலுமிச்சைச் சக்கை போய்க் குழாயில் உட்கார்ந்தால் நான் பல் பிடுங்கும் குறடைத்தான் எடுத்துக்கொண்டு வர வேண்டும். இனி அந்தப் பழத்தைச் சோற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு எடுக்கவென்றே கடையில் மருந்து விற்கிறது. பல்லில் காரை படிவதும் இதுவும் ஒன்றுதான். நாள்பட விட்டால் சுரண்டி எடுக்க முடியாது. மருந்தைத் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடியுங்கள். விளக்கு வேகமாக மினுக்கும். அப்போது ஓடவிடுங்கள், கீழே பெரிய பாத்திரம் வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். காபி குடித்ததும் காலி கேப்ஸ்யூலை உள்ளேயே விடாதீர்கள், தட்டிவிடுங்கள். அடியில் இருக்கும் சொட்டுத் தட்டைத் தினமும் கழுவுங்கள். இல்லையென்றால் பூசணம் பிடித்து, வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

கேப்ஸ்யூல் விஷயத்தில் எனக்குச் சேராத புகழை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். நான் அனுப்பவில்லை. தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை, அதற்கு வெட்கப்படுகிறேன். யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் அந்த மெஷின் இருப்பது வேறு யாருக்குத் தெரியும்? உங்கள் பையனாகத்தான் இருக்கும். வாயால் பேச ரோஷம் தடுக்கிறது, காபியாக அனுப்புகிறான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பெட்டியில் இருந்த கேப்ஸ்யூல்களையெல்லாம் மேஜைமேல் கொட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறம் நிறமாக. என் பையன் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்குப் போனில் எழுதினேன்: 'காபி வந்தது கண்ணா. மாதாமாதம் வருகிறது. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.'

அன்றைக்கே பதில் வந்தது. 'எந்தக் காபி? நான் எதுவும் அனுப்பல.'

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால்கூட நான் அதை வைத்துக்கொண்டு பிழைத்திருப்பேன்.

உங்கள்மேல் வருத்தமில்லை. நல்லதைத்தான் நினைத்தீர்கள். ஆனால் அந்த மெஷினை இனி தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. தொட்டியைக் காயவைத்து, வயரைச் சுற்றி, பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். வரும் வாரம் அனுப்புகிறேன். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

அனுப்பாதீர்கள். கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், தெரியாத விஷயத்தில் வாயை வைத்து உங்கள் மனதைப் புண்படுத்திய என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று என்னால் வேலையே பார்க்க முடியவில்லை. சாப்பிடும்போது என் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களோடு கடிதப் போக்குவரத்து இருப்பது, சிரிஞ்ச், எலுமிச்சம்பழம், உங்கள் பையனின் பதில், எல்லாம். எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"நாந்தாம்பா அனுப்பறேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குப் பிடிக்காதோன்னு நெனச்சேன். எனக்காகப் பேசினது மாமா ஒருத்தர்தான். பேசிட்டு அந்த வீட்ல தனியா நிக்கறாரு. காபிகூட இல்லாம நிக்கணுமா?"

ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஆளைப் பற்றி, அப்பனும் மகளும் இத்தனை நாள் ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறோம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மெஷினை அவள் மறந்துவிட்டுப் போகவில்லை, உங்களுக்கென்றுதான் வைத்துவிட்டுப் போனாளாம்.

சம்பந்தி, இன்னொன்று. இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தீர்ப்பு வந்த வாரம் அவள் உங்களைப் பார்க்க வந்திருக்கிறாள். மணி அடித்தால் உங்கள் கூடத்தில் எரியும் விளக்கு இருக்கிறதே, அதை நம்பி அழுத்தியிருக்கிறாள். ஜன்னல் வழியே நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கிறது. நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். "மாமாவும் என்னை வேண்டாம்னு விட்டுட்டாரு, அதுல அவர் தப்பும் இல்ல" என்றாள். அதனால்தான் இந்த வீட்டில் உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிருக்கிறாள்.

உங்களுக்கு உண்மையிலேயே கோபம் என்றால் எழுதிவிடுங்கள், அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இல்லையென்றால், உப்பு எடுக்கும் மருந்தோடு அவளே வந்து மெஷினைச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறாள். வரலாமா?

உங்கள் சம்பந்தி


மார்ச் 1

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்ததும் நாற்காலியைப் போட்டு ஏறி அந்த விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பல்பு கருகிப்போயிருக்கிறது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மணி அடிக்க ஆள் வந்தால்தானே விளக்கு எரியவில்லை என்பது தெரியும்? மகன் எப்போது வருவான் என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே நின்றிருக்கிறாள், நான் செத்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறேன். எழுதும்போதே கண்ணை மறைக்கிறது.

கோபமா? அவள்மேலா? அந்தப் பெண் என் வீட்டில் இருந்த மூன்று வருடம் போல நான் சந்தோஷமாக இருந்தது கிடையாது. உங்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இப்படி ஒரு பெண்ணை வளர்த்து, கொஞ்ச காலம் எங்கள் வீட்டுக்கும் கொடுத்தீர்கள். வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் நாங்கள்தான்.

மகனுக்கும் எழுதிவிட்டேன். அனுப்பியது அவள்தான் என்றும், அவள் இங்கே வருவாள், போவாள் என்றும், இது என் வீடு என்றும். அவனுக்கும் கதவு திறந்தேதான் இருக்கிறது, வருகிறபோது வரட்டும். பதில் இல்லை. பரவாயில்லை.

மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். புது பல்பும் போட்டாயிற்று. எரிகிறதா என்று பார்க்க நானே வெளியே போய் மணியை அழுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தேன், அதற்குள் அணைந்துவிடுகிறது. கடைசியில் தபால்காரரைக் கெஞ்சி அழுத்தச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக எரிகிறது. இருந்தாலும் பல்பை நம்பி இன்னொரு தரம் அவளை வாசலில் நிறுத்த எனக்கு மனசில்லை.

இந்த உறையில் ஒரு சாவி இருக்கிறது. வாசல் சாவி. போகிற அன்று அவள் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போனது. பூட்டை மாற்றவில்லை. அவளிடம் கொடுத்துவிடுங்கள். மணி அடிக்க வேண்டாம், நேராக உள்ளே வரச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி