செல்விக்கு எடுத்த இரண்டு சளி மாதிரிகள்

நவ. 12, புதன். ஸ்ரீவில்லிபுத்தூர்

விடிந்ததிலிருந்து தூறல். குடைக் கம்பி ஒன்று போய்விட்டது.

ராஜபாளையத்திலிருந்து தங்கச்சி போன். அவள் மகள் செல்விக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், இருமல். ஏழு மாதக் கர்ப்பம். ஞாயிறு வளைகாப்பு. ஆஸ்பத்திரியில் உடனே முடிவு சொல்லும் கார்டு டெஸ்ட்: இன்ஃப்ளூயன்சா இல்லை. கார்டு சில சமயம் தவறவிடும் என்று பிசிஆருக்கும் சளி எடுத்து இங்குள்ள லேபுக்கு அனுப்பியிருக்கிறார் டாக்டரம்மா.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. செல்வியின் வீட்டுக்காரர் முருகேசன் போன். மருத்துவப் பஞ்சு கம்பெனி வைத்திருப்பவர்.

"ரிசல்ட் வந்துட்டு மாமா. ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை வச்சுக்கிடலாம்."

டாக்டரம்மாவிடம் காட்டினாரா என்றேன்.

"இல்லாததை எதுக்கு மாமா காட்டணும்?"

தாளை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். வைரஸ் வரி: காலி. அதன் கீழே மனித மரபணு என்று ஒரு வரி: அதுவும் காலி. அடியில் சின்னதாக 'இன்வேலிட்', அதாவது செல்லாது. மனுஷி மூக்கில் மனித மரபணு எப்படி இல்லாமல் போகும்?

லேபுக்கு நடந்தேன். டெக்னீஷியன் ஜெசிந்தா, பழைய பழக்கம். சளி ஒழுங்காக வந்ததா என்று பார்க்கத்தான் அந்த வரியாம். "வைரஸ் இல்லைன்னு நாங்க சொல்லல சார். சாம்பிளே பேசலைன்னுதான் சொல்லுதோம்."

குப்பியைக் காட்டினாள். உள்ளே மரக்குச்சி, பஞ்சு முனை. பஞ்சு பிடித்ததை எளிதில் விடாது; மரச்சத்து சோதனையைக் கெடுக்கலாம். நைலான் முனைதான் வேண்டும். இதுதான் காரணம் என்று உறுதி இல்லை (இரண்டு முறை கேட்டேன்).

முருகேசனுக்குப் போன். ஆஸ்பத்திரியில் நைலான் குச்சி தீர்ந்திருக்கிறது. இவரே தம் கம்பெனிக் குச்சி ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறார். "நம்ம பஞ்சு எம்புட்டு ஊருக்குப் போகுது. அதுல என்ன குத்தம்?" குற்றமில்லை, இந்த வேலைக்கு ஆகாது என்றேன். அதற்கு அவர், "இப்பவே கூட்டிட்டுப் போறேன் மாமா."

மாலை: ஜெசிந்தா தந்த நைலான் குச்சியில் மறுபடி சளி. முடிவுக்குக் காத்திராமல் இன்ஃப்ளூயன்சா மாத்திரை தொடங்கிவிட்டார் டாக்டரம்மா. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, காய்ச்சலுக்கு ஏற்கெனவே மூன்றாம் நாள் என்றாராம். செல்வி போனில்: "மூளை வரைக்கும் விட்டு நோண்டிட்டாவ மாமா."

நவ. 14, வெள்ளி

இன்ஃப்ளூயன்சா ஏ. 24ஆம் சுற்றிலேயே தெரிந்துவிட்டதாம். எந்திரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வைரஸ் மரபணு இரட்டிப்பாகும்; சீக்கிரம் தெரிந்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இருப்பது இருமடங்காகிக் கண்ணுக்கு எட்டும்வரை எந்திரம் காத்திருக்கிறது. யோசித்துக்கொண்டே காப்பியை ஆறவிட்டேன்.

வளைகாப்பு தள்ளிவைப்பு. மகாராஜபுரத்துச் சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பு, சளிக்கெல்லாமா என்று. தங்கச்சி சொன்ன பதில்: "அவியளுக்கும் ஒரு குச்சி விட்டுப் பாப்போமா?"

இரவு செல்விக்குக் காய்ச்சல் 103. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

நவ. 15, சனி

வெயில். காலை 99.4. ஆக்சிஜன் 97. இருமல் இருக்கிறது.

முருகேசனிடமிருந்து ஓர் ஒலிப்பதிவு, ஒரு சொல்லும் இல்லாமல். பிள்ளையின் இதயத் துடிப்பு. ஒன்பது விநாடி. மறுபடி கேட்டேன்.